அரிசி டிரம்மில் வண்டா? மாத்திரை மட்டும் வேண்டாம்!

25 கிலோ அரிசி மூட்டையைப் பிரித்து டிரம்மில் கொட்டி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. திறந்து பார்த்தால் உள்ளே கறுப்பாக ஊரும். ‘மூடியைச் சரியா மூடலையா?’ என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து கிளம்பும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மழைக்காலத்தில் பல வீடுகளில் இதுதான் கதை.

மூடி மேல் தப்பில்லை. அரிசி வண்டு பெரும்பாலும் மூட்டையோடுதான் வருகிறது. பெண் வண்டு அரிசியைத் துளைத்து, உள்ளே முட்டை வைத்து, துளையைப் பசை போன்ற திரவத்தால் அடைத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே புழு அந்த அரிசியையே தின்று வளர்ந்து, சுமார் ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். ஒரு வண்டு 300 முட்டைகள் வரை வைக்கும் என்பதால், நம் கண்ணில் படும்போது சேதம் பாதி முடிந்திருக்கும்.

இந்திய உணவுக் கழகக் கிடங்குகளுக்கும் (ஆவடியிலும் ஒன்று இருக்கிறது) இதே தலைவலிதான். அங்கே மூட்டைகளைத் தரையில் படாமல் அடுக்கி, காற்றுப் புகாமல் மூடி, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பார்கள். ஈரக்காற்று பட்டதும் அதிலிருந்து பாஸ்பின் வாயு வரும். பயிற்சி பெற்றவர்கள் கையாள வேண்டிய நஞ்சு இது. முறிவு மருந்தும் கிடையாது. இதைத் துணியில் முடிந்து வீட்டு டிரம்மில் போடச் சொல்லி யார் யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். 2024 நவம்பரில், பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடி பரவி இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மூடிய அறையில் நஞ்சு என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சரி, என்னதான் செய்வது? கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில், பூச்சியியல் பேராசிரியர் எஸ்.மோகன் ஒரு பூச்சிப் பொறியை உருவாக்கினார். 2 மில்லிமீட்டர் துளைகள் போட்ட ஒரு குழாய், கீழே ஒரு கூம்பு. அவ்வளவுதான். தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடி வரும் வண்டு துளை வழியே உள்ளே விழும். ஏறி வர முடியாது. முட்டையிடும் வண்டுகள் குறையக் குறைய அடுத்த தலைமுறையும் குறையும்.

அறுவடைக்குப் பிறகு, கடைக்கு வருவதற்குள் உலக உணவில் சுமார் 14 சதவிகிதம் வீணாகிறது என்று 2019-ல் ஐ.நா-வின் உணவு, வேளாண்மை அமைப்பு சொன்னது. ஆப்பிரிக்காவின் கேமரூனில் 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய மூன்றடுக்குப் பைக்கு மருந்தே தேவையில்லை. இறுக்கிக் கட்டினால் உள்ளே பிராணவாயு தீர்ந்து வண்டு முடங்கிவிடும். காராமணிக்காக வந்த பை, இப்போது சோளத்துக்கும் பயன்படுகிறது.

வீட்டில் இப்போதைக்கு இவ்வளவு போதும்: பழைய அரிசி மேல் புதியதைக் கொட்டாதீர்கள்; டிரம்மைத் துடைத்து, நன்றாகக் காயவைத்து நிரப்புங்கள். வண்டு வந்த அரிசியைச் சுள்ளென்ற வெயிலில் போட்டால் நொறுங்கும், நிழலில் பரப்பிப் புடைத்தால் போதும். பருப்பு, ரவை மாதிரி கொஞ்சமாக வாங்குவதை ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து எடுத்தால் முட்டையும் செத்துவிடும்.