கண்ணெதிரே உருவான கலை

முடிந்த ஓவியங்களையும் சிலைகளையும் நாம் எத்தனையோ முறை கண்டு களித்திருக்கிறோம். அவை உருவாகும்போது பார்த்திருக்கிறோமா? அந்த நல்வாய்ப்பு இவ்வாண்டு பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குக் கிட்டியது. எங்கள் ஓவிய ஆசிரியை ஒரு வாரம் மாலைதோறும் பள்ளி மண்டபத்தில் செய்து காட்டி விளக்கம் அளித்தார்கள்.

முதல் நாள் நீர்வண்ண ஓவியம். முற்றத்து வேப்பமரத்தை வரையத் தொடங்கினார்கள்.

"வெள்ளை வண்ணம் எங்கே, டீச்சர்?" என்று கேட்டோம்.

"தாளே வெள்ளைதானே!" என்று சிரித்தார்கள்.

ஒளி படும் இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டுமாம். முதலில் வெளிர் நிறம். அது காய்ந்த பின்னரே அடர் நிறம். முதலிலேயே அடர்த்தியாகப் பூசிவிட்டால் பிறகு வெளுக்கச் செய்வது கடினம்.

மறுநாள் களிமண் சிற்பம். மணியடிக்கும் எங்கள் ஆயாம்மாவே மாதிரியாக அமர்ந்தார்கள். பலகையில் ஒரு கட்டையை நட்டு, மண் சரியாதபடி கம்பி சுற்றினார் ஆசிரியை. அதன்மேல் மண்டை, தாடை, கழுத்து என்று பெரிய பகுதிகளை முதலில் அப்பினார். கண்ணும் மூக்கும் பிறகுதான். மண் காயாதிருக்க, இரவில் ஈரத்துணி போர்த்தப்பட்டது.

மூன்றாம் நாள் ஆயாம்மாவின் முகம் அப்படியே தெரிந்தது. கைதட்டினோம். ஆசிரியையோ பக்கவாட்டில் சென்று உற்றுப் பார்த்தார். கம்பியை எடுத்துத் தாடை முழுவதையும் அறுத்துவிட்டார்! நாங்கள் பதறிப்போனோம்.

"முன்னாலிருந்து பார்த்தால் சரி, பக்கத்திலிருந்து பார்த்தால் தவறு. சிலைக்கு எல்லாப் பக்கமும் உண்டு, பிள்ளைகளே" என்றார்.

மண்ணில் ஒட்டவும் வெட்டவும் முடியும். கல்லில் வெட்ட மட்டுமே முடியும். ரோமாபுரி புனித பேதுரு பேராலயத்தில், இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மாதாவை மைக்கேலாஞ்சலோ ஒரே சலவைக்கல்லில் செதுக்கி 1499இல் முடித்தார். எத்தனை முன்யோசனை தேவைப்பட்டிருக்கும் என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

மண் சிலையைச் சூளையில் சுடுவதானால் உள்ளே குடைந்து, நன்கு உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் அது ஆவியாகிச் சிலையை வெடிக்கச் செய்யும். எங்கள் பள்ளியில் சூளை இல்லை. ஆகவே கடைசி நாளன்று, ஆறாம் வகுப்பின் கைவேலைக்காக அந்தத் தலையைக் கரைத்து மீண்டும் தொட்டியில் போட்டார்கள். எங்களில் பலருக்குக் கண் கலங்கியது.

"போகட்டும் பாப்பா, நான்தான் இங்கேயே இருக்கேனே!" என்றார் ஆயாம்மா.

தவறு செய்த பக்கத்தைக் கிழித்து ஒளிப்பது எங்கள் வழக்கம். ஆசிரியையோ எங்கள் அனைவர் முன்னிலையிலும் தம் தவறை அறுத்தெறிந்து, மறுபடியும் மண் எடுத்தார்கள். இப்பொழுது எங்கள் கணக்கு நோட்டுகளில் பக்கங்கள் குறைவதில்லை. தவறின்மேல் ஒரு கோடு. அதன் கீழேயே மறுபடியும் செய்கிறோம்.