இலாபத்திற்கு எத்தனை சேலை விற்க வேண்டும்?

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் எத்தனை தறிகள் ஓடும், எவ்வளவு நூல் வேண்டும் என்று ஆண்டுதோறும் திட்டம் வகுக்கிறோம். ஆயினும், கருதிய இலாபம் கிட்ட எத்தனை சேலைகள் விற்றாக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே அறிதல் அவசியம். அக்கணக்கு கடினமானதன்று.

முதற்கண் செலவுகளை இரண்டாகப் பிரிப்போம். கட்டட வாடகை, சிப்பந்திகளின் சம்பளம், விளக்குச் செலவு ஆகியவை உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் ஏறத்தாழ மாறாதவை. இவை நிலைச் செலவுகள். நூல், சாயம், நெசவுக் கூலி முதலியன சேலைக்குச் சேலை கூடுபவை. இவை மாறும் செலவுகள்.

எடுத்துக்காட்டாக, ஒரு பருத்திச் சேலையின் விலை ரூ. 1,200 எனக் கொள்வோம். நூல் ரூ. 400, சாயம் ரூ. 80, கூலி ரூ. 380, கட்டுமானமும் ஏற்றுக்கூலியும் ரூ. 40, ஆக மாறும் செலவு ரூ. 900. மிஞ்சுவது ரூ. 300. இதனை இலாபம் என்று எண்ணிவிடலாகாது. நிலைச் செலவைத் தாங்கிய பின்னரே இலாபம் பிறக்கும்.

ஆண்டு நிலைச் செலவு ரூ. 3,60,000 எனில், அதனை 300 ஆல் வகுக்க 1,200 வரும். அத்தனை சேலை விற்றால் நட்டமுமில்லை, இலாபமுமில்லை. ரூ. 90,000 இலாபம் வேண்டுமாயின் அதனையும் நிலைச் செலவோடு கூட்டி, ரூ. 4,50,000 ஐ 300 ஆல் வகுக்க வேண்டும். விடை 1,500 சேலைகள்.

இனி, பண்டிகை விற்பனைக்காகச் சங்கம் தன் பொறுப்பில் ஆண்டு முழுவதும் நூற்றுக்குப் பத்து தள்ளுபடி தருவதாகக் கொள்வோம். சேலைக்கு மிஞ்சுவது ரூ. 180 ஆகச் சுருங்கும். அதே இலாபத்திற்கு 2,500 சேலைகள் விற்க வேண்டும்! தறி ஒன்றுக்கு ஆண்டில் 100 சேலை என்றால், 15 தறிகளின் வேலை 25 தறிகளின் வேலையாகிறது. அவ்வளவு சரக்கும் விலைபோகாவிடில், பற்றாக்குறை இறுதியில் நெசவாளியின் கூலி மீதே வந்து விழும். அரசு முழுவதும் ஈடுசெய்யும் தள்ளுபடிக்கு இக்கணக்குப் பொருந்தாது. எனினும் அத்தொகை தாமதித்தால் வட்டி ஏறும்.

மாறாக, கழிவைக் குறைத்து நூலில் சேலைக்கு ரூ. 20 மிச்சம் பிடித்தால், 1,407 சேலைகளே போதும். கூலியில் கை வைக்காமலே இது கைகூடும்.

இன்னொன்றும் நினைவிற்கொள்வோம். நெய்து கிடங்கில் அடுக்கிய சேலை விற்பனையன்று; கடனுக்கு விற்றுப் பணம் வராததும் முழு விற்பனையன்று. ஆதலின் தள்ளுபடித் தீர்மானம் மகாசபைக்கு வரும்போது, "இதற்கு மேலும் எத்தனை சேலை விற்க வேண்டும்?" என்று அங்கத்தினர்கள் தவறாது கேட்பார்களாக.