எந்தப் பாலம், எந்தக் கரை?

தோப்பும்படியிலிருந்து வில்லிங்டன் தீவுக்குச் செல்லப் பாலங்கள் இரண்டு அருகருகே இருப்பதை நம் சங்கத்துக் குடும்பங்கள் நன்கறியும். பழையது ஹார்பர் பாலம். துறைமுகத்தை ஒட்டியது என்பது பெயரிலேயே விளங்குகிறது. புதியதற்கோ 'பி.ஓ.டி. பாலம்' என்பதே வழக்கு. கட்டி, நடத்தி, ஒப்படைத்தல் என்னும் ஒப்பந்த முறையின் ஆங்கில முதலெழுத்துக்கள் அவை. சுங்கம் வசூலித்த காலம் போயிற்று. ஒப்பந்தத்தின் பெயர் மட்டும் தங்கிவிட்டது. அது எக்கரையை எக்கரையோடு சேர்க்கிறது என்பது பெயரால் தெரியாது.

இதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. சங்க அறையிலுள்ள கணிப்பொறி ஒன்றே. ஆயினும் அதற்குள் மென்பொருளால் இரண்டு கணிப்பொறிகளை ஒண்டுக்குடித்தனம் வைத்திருக்கிறோம். ஒன்றில் சந்தாக் கணக்கும் குடும்பங்களின் விலாசங்களும். மற்றதில் பிள்ளைகளின் தமிழ்ப் பாடங்கள். இக்குடித்தனங்கள் பிறவற்றோடு பேச வேண்டுமாயின், வீட்டுக்காரக் கணிப்பொறிக்குள் 'பிரிட்ஜ்', அதாவது பாலம், அமைத்தல் வேண்டும். இரும்பும் மரமும் வேண்டாத பாலம் இது. எவர் எவ்வாசலில் இருக்கிறார் என்பதை அனுப்பியவர் முகவரியைக் கொண்டு குறித்துவைத்து, அவருக்கு வருவதை அவ்வாசலிலேயே சேர்க்கும் மென்பொருள்.

'பி.ஆர்.0', 'பி.ஆர்.1' என்று இரண்டு பாலங்கள் அமைத்தோம். முதலாவது வெளிக்கம்பியோடு சேர்ந்தது. இரண்டாவதில் கம்பி எதுவும் இல்லை. உள்ளிருப்பவை தம்முள் பேசுவதற்கு மட்டும். சில மாதம் கழித்துக் கணக்குப் பொறியை மாற்றியமைத்தபோது எது உள், எது வெளி என்பது நமக்கே மறந்துபோயிற்று. கணக்குப் பொறியைச் சுழியத்தில் இணைத்துவிட்டோம். அறையின் வை-ஃபையில் சேர்ந்த எவரும் அதன் கதவைத் தட்டலாம் என்ற நிலை இரண்டு நாள் நீடித்தது. எவரும் தட்டவில்லை என்பதைப் பதிவேட்டில் கண்ட பிறகே நமக்கு மூச்சு வந்தது. வாடகை வீட்டு விலாசத்தையும் கைபேசி எண்ணையும் நம்மை நம்பிக் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்லியிருப்போம்?

ரயில்வேயில் எர்ணாகுளம் சந்திப்புக்கு 'ஈ.ஆர்.எஸ்.', எர்ணாகுளம் நகர நிலையத்துக்கு 'ஈ.ஆர்.என்.' என்பது குறியெழுத்து. ஓரெழுத்துத் தவறினால் பார்சல் வேறு நிலையத்தில் இறங்கும். இதை அறிந்த குமாஸ்தாவாகிய நாமே ஓர் இலக்கத்தில் தவறினோம்!

இப்போது 'வெளிக்கரை', 'உள்கரை' என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்டிருக்கிறோம். லினக்ஸில் இப்பெயர் 15 எழுத்துக்கு மேற்படலாகாது. பிராக்ஸ்மாக்ஸ் போன்ற மென்பொருள் வழக்கமாய் எண்ணிட்ட பெயரைத் தரும். ஆனால் பக்கத்தில் குறிப்பெழுத இடமுண்டு. அதை வெறுமையாய் விடுவது நம்மைப் போன்றோர் செய்யும் பிழை.

வீட்டுக்காரக் கணிப்பொறியின் ஐ.பி. முகவரியை வலையட்டையிலிருந்து எடுத்துப் பாலத்துக்கே கொடுக்கவேண்டும். அதன்பின் அட்டை பாலத்தின் ஒரு வாசல் மாத்திரமே. இதை வீட்டிலிருந்தபடி தொலைவிலிருந்து செய்யப்போனால் நடுவில் இணைப்பறுந்து, இரவில் பூட்டிய அறையைத் திறக்க ஓடநேரும். பெட்டியின் முன் அமர்ந்து செய்வதே உத்தமம்.

தோப்பும்படியைப் போல் ஒரே இரு கரைகளுக்கு இரண்டு பாலங்கள் போடுவதும் இங்கே ஆபத்து. எல்லோருக்குமாக அனுப்பிய செய்தி ஒன்றில் போய் மற்றதில் திரும்பி, ஓயாமல் சுற்றி, வலையையே அடைத்துவிடும். 1985-இல் ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் வகுத்த 'ஸ்பானிங் ட்ரீ' முறை, ஒரு வழியைத் திறந்து மற்றதை மூடிவைத்து இதைத் தடுக்கிறது. நம் இரண்டு பாலங்களும் வேறு வேறு கரைகளுக்கானவை. ஆகவே அது தேவைப்படவில்லை.

பாலங்களின் பெயரும், எதில் எது இணைந்தது என்பதும் தாளில் எழுதிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. சந்தா செலுத்த வரும் அன்பர்கள் தங்கள் விலாசம் எக்கரையில் இருக்கிறது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம்.