நழுவிய படங்கள்

தூத்துக்குடியின் வடபால் திரேஸ்புரத்துக் கரையில் எம் நண்பர் ஒருவரின் இல்லம் உளது. அதன் மாடிச் சாளரத்தினின்று நோக்கின் வள்ளங்கள் கரை சேரும் இடம் முழுதும் புலப்படும். எவ்வள்ளம் எந்நேரத்தில் திரும்பிற்று எனக் குறித்து வைத்தால், காத்திருக்கும் வீட்டார்க்குப் பயன்படுமே என்று கருதி, சென்ற தைத் திங்களில் ஒரு வெப்கேமராவையும், உள்ளங்கையளவினதாகிய ராஸ்பெரி பை என்னும் கணினியையும் அச்சாளரத்தில் அமைத்தோம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர்க்கு இவ்வேலை எற்றுக்கு என நகைத்தாரும் உளர். அது நிற்க.

முதல் நாளிலேயே வழக்கு நேர்ந்தது. மாலை 5.30க்குப் பதிவைத் தொடங்கினோம். நண்பர் சிற்றப்பாவின் வள்ளம் 6.30க்கு வந்ததாக எம் கருவி காட்டிற்று. பாட்டியார் அதைக் கேட்டு, "விளக்கு வச்ச பொறவுல்லா மக்கா வந்தாவ, ஏழு மணி ஆயிட்டே" என்றார். கருவி பிழைபடாது, முதியவர் மறந்திருப்பார் என்றே யாம் எண்ணினோம். ஆயின் வள்ளம் கரை தொட்டதும் சிற்றப்பா வீட்டிற்குப் பேசிய தொலைபேசியில் பதிந்திருந்த நேரமும் ஏழாகவே இருந்தது. அரை மணி நேரம் எங்கே போயிற்று?

கேமரா நொடிக்கு 30 தனிப்படங்களை எடுத்து அனுப்பும். இவற்றைப் பிரேம் என்ப. மாத்திரைக்குக் கண்ணிமையையும் கைந்நொடியையும் அளவாகக் கூறினார் தொல்காப்பியர். பிரேம் ஒன்றின் காலமோ கண்ணிமைப்பினும் குறுகியது. பிரேம் குறைந்தால், அது பிறவாதொழிந்ததா, வழியில் அழிந்ததா, வந்தும் வாங்குவாரின்றித் திரும்பிற்றா என்று முதற்கண் பிரித்தறிதல் வேண்டும். இதனை ஆராயாது கேமராவை மாற்றுவோர் பலர். யாமும் ஒன்றை வீணே இரவல் வாங்கினோம். லினக்ஸ் இயங்குதளம் ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு வரிசை எண்ணையும் நேரக்குறியையும் சேர்த்தே தருகின்றது. எண்கள் இடையறாது வர, நேர இடைவெளி மட்டும் நீண்டிருப்பின், கேமராவே மெதுவாக எடுக்கின்றது என்க. எண்கள் தாவியிருப்பின், கேமரா அனுப்பியது எம் கைக்கு எட்டவில்லை என்க.

அம்மாலைப் பதிவில் எண் ஒன்றும் தாவவில்லை. 6 மணிக்குமேல் இடைவெளி மட்டும் இருமடங்காயிற்று. நம் கடற்கரை கீழ்த்திசை நோக்கியது. ஞாயிறு ஊருக்குப் பின்னே சாய்தலின் கடல் விரைவில் இருளும். ஒளி குறைந்தால் கேமரா ஒவ்வொரு படத்திற்கும் நெடிது கண் திறந்து நோக்க வேண்டியதாகும். அதனால் தானாகவே நொடிக்கு 15 ஆகக் குறைத்துக் கொண்டது. எம் நிரலோ எப்பொழுதும் 30 எனக் கொண்டு படங்களை எண்ணி நேரம் கணித்தது. ஆறு வரை கணக்குச் சரியே; அதன்பின் ஒரு மணி நேரம் அரை மணியாகச் சுருங்கிற்று. பிரேம் நழுவவேயில்லை, நழுவியது எம் எண்ணமே. வெளிச்சத்திற்கேற்ப வேகத்தைக் குறைக்கும் அமைப்பை நீக்கிவிடலாம். நீக்கினால் படம் இருண்டு வள்ளத்தின் பெயர் தெரியாது. ஆகலின் அதனை அப்படியே விடுத்து, எண்ணிக்கையைக் கைவிட்டு நேரக்குறியையே கொண்டோம். பாட்டியாரிடம் பிழை பொறுக்குமாறும் வேண்டினோம்.

இஃது இங்ஙனமாக, நண்பகற் பதிவில் எண்கள் மெய்யாகவே தாவின. இதற்குக் காரணம் ஒன்றன்று.

முதலாவது பாதை நெருக்கம். எம்மிடம் இருந்தது 2016இல் வெளிவந்த மூன்றாம் வகைப் பை. அதன் நான்கு யூஎஸ்பி வாயில்களும் வலையமைப்புக் கம்பியும் ஒரே யூஎஸ்பி 2 வழியாகவே உட்செல்லும்; 2019இல் வந்த நான்காம் வகையில் இந்நெருக்கடி இல்லை. 640க்கு 480 அளவுள்ள படம், சுருக்கப்படாதவழி, புள்ளிக்கு 2 பைட்டாக 6,14,400 பைட்டு ஆகும். நொடிக்கு 30 எனின் ஏறத்தாழ 14.7 கோடி பிட்டு. அவ்வழியின் பெயரளவான கொள்ளளவு 48 கோடி பிட்டு. அதே வழியில் யாம் பதிவை வேறொரு கணினிக்கும் அனுப்பிக் கொண்டிருந்தோம். மேலும், வெப்கேமராக்கள் பெரும்பாலும் கையாளும் அனுப்புமுறையில் காலந்தவறாமையே முதன்மை. சிதைந்த பொதியை மீட்டும் கேட்டு வாங்கும் வழக்கம் அதில் இல்லை. எனவே உப்புக்காற்றில் பாசி நிறங்கொண்ட இணைப்பு முனையொன்றும் பிரேமைக் கெடுக்க வல்லது. முனையைத் துடைத்து, நீட்டிப்புக் கம்பியை அகற்றி, கேமராவே படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் முறைக்கு மாற்றினோம். தாவல் பெரிதும் குறைந்தது.

எஞ்சியதற்குக் காரணம் நினைவட்டை. இதனை முத்துக்குளிப்பைக் கொண்டு விளக்குவோம். இக்கரையில் 1961உடன் நின்றுபோன அத்தொழிலில், கல்லைப் பற்றி மூழ்குபவர் சிப்பியைப் பையிலிட, மேலே தோணியில் கயிறு பிடித்திருப்பவர் அப்பையை இழுத்துக் கொட்டிக் காலியாக்கித் தருவார். அவர் அயர்ந்தால், கீழே சிப்பி எத்துணை கிடப்பினும் இடுதற்குப் பை இராது. எம் நிரல் நான்கு பைகளையே வைத்திருந்தது. நொடிக்கு 30 எனின் அவை 0.13 நொடிக்குள் நிரம்பிவிடும். நினைவட்டையோ எழுதுங்கால் இடையிடையே அரைநொடி வரை நின்றுவிடும். அப்பொழுது வரும் 15 பிரேம்களில் 11 போக்கிடமின்றி ஒழியும். வாங்குவதற்கு ஓர் இழையும் எழுதுவதற்கு மற்றோர் இழையுமாக நிரலைப் பிரித்து, இடையே நினைவகத்தில் நீண்ட வரிசை ஒன்றை அமைத்தபின் இக்குறை நீங்கிற்று.

மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குத் தாழ்ந்தால் திரையில் மின்னற்குறி தோன்றும். வெப்பம் 80 பாகையை அணுகினும் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். தகரக் கூரையின்கீழ் இவ்விரண்டையும் யாம் கண்டோம். தடித்த மின்கம்பியும் சிறு விசிறியும் போதியவாயின.

இறுதியில், வள்ளம் காண்பதற்கு 30 பிரேம் எற்றுக்கு என்னும் வினா எழுந்தது. முதலிலேயே எழுந்திருக்க வேண்டும். இப்பொழுது நொடிக்கு 10 எடுக்கின்றோம். வைகறையில் ஞாயிறு நேரே கேமராவை நோக்கி எழுதலின், புறப்படும் வள்ளங்கள் கருநிழலாகவே தோன்றுகின்றன. அவற்றின் பெயர்களைப் பாட்டியார் சொல்ல யாம் எழுதிக் கொள்கின்றோம்.