மூக்கடைத்த குட்டிக்கு முதலில் சூடு

மழையும் பனியுமான மாதங்களில்தான் நம் தெருநாய்கள் பெரும்பாலும் குட்டி போடுகின்றன. கண் திறக்காத குட்டி ஒன்று மூக்கடைத்து, கர்கர் என்று மூச்சு விட்டால், சளிதானே என்று விட்டுவிடாதீர்கள். பால் குடிக்கும்போது குட்டி மூக்கால்தான் மூச்சு விட்டாக வேண்டும். அது அடைத்துக்கொண்டால் இரண்டு மடக்கு உறிஞ்சும், காம்பை விட்டுவிடும், மறுபடி தேடும். கொஞ்ச நேரத்தில் தேடுவதையும் நிறுத்திவிடும். சளியைவிடப் பட்டினியும் குளிரும்தான் அதை வேகமாகச் சாய்க்கின்றன.

ஆகவே முதலில் சூடு. முதல் வாரக் குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளக்கூடத் தெரியாது. படுக்கும் இடம் 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். உடம்பு சில்லிட்டிருந்தால் பால் புகட்டவே கூடாது. குடல் இயங்காது, பால் செரிக்காமல் தங்கிவிடும். மெல்ல மெல்லச் சூடேற்றிய பிறகே பால்.

மூக்குக்கு, உப்பு நீர் மட்டுமே உள்ள சலைன் சொட்டு ஒரு துளி விட்டு, பஞ்சால் ஒற்றி எடுக்கலாம். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி பரவியதும் குட்டியை மடியில் வைத்துச் சில நிமிடம் உட்காரலாம். கைக்குழந்தைக்குச் செய்கிற பழக்கத்தில் சாம்பிராணி போடுவதும் தைலம் தடவுவதும் வேண்டவே வேண்டாம். மனிதர்களுக்கான மூக்கடைப்புச் சொட்டும் பாராசிட்டமாலும் இதற்கு விஷம்.

தாய் இல்லாவிட்டால் பசும்பால் போதாது. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் அதைப்போல் இரு மடங்கு. கடையில் கிடைக்கும் நாய்க்குட்டிப் பால் பவுடர் நல்லது. மல்லாத்திப் பிடித்து ஊட்டாதீர்கள். தாயிடம் குடிப்பதுபோல் குப்புறக் கிடக்கட்டும். அவசரமாகப் பீய்ச்சினால் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகிவிடும். குடித்த பால் மூக்கு வழியே வந்தால் வாயைத் திறந்து மேலண்ணத்தைப் பாருங்கள், பிளவு இருக்கக்கூடும்.

சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துக் குறித்துவையுங்கள். எடை ஏறாமல் நின்றாலோ, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தாலோ, குட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஓயாமல் முனகினாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய்விட வேண்டும். நாய்களைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் 3 வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளை ஓரிரு நாளில் கொன்றுவிடும்; குளிர்ந்த உடம்பில்தான் அது நன்றாகப் பெருகும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்கே போனாலும், முடிந்தால் தாயையும் கூட்டிப்போங்கள். வழியில் குளிராமலிருக்க அந்த வெந்நீர் பாட்டிலும் பெட்டியிலேயே வரட்டும்.