கடலடியில் ஒரு விளைநிலம்

வயலில் விதைப்பவன் வேலியிடுகிறான். கடலடியில் சிப்பிக் குஞ்சுகளை விதைத்து, அவை வளரப் பல ஆண்டுகள் காத்திருப்பவன் எவ்வாறு வேலியிடுவான்? பிரிட்டனில் 1967-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சிப்பி மீன்பிடிப்புச் சட்டமே அவனுக்கு வேலி. அதன்படி 60 ஆண்டுகள் வரை தனியுரிமை வழங்கலாம். அப்படுகையின் சிப்பிகள் உரிமையாளரின் முழுச் சொத்தாகும். பிறர் அறிந்தே அங்குக் கடலடியை வாரினாலும், குப்பை கொட்டினாலும் குற்றம். அபராதத்தோடு நட்டத்தையும் ஈடுசெய்தல் வேண்டும்.

ஆயினும் தூண்டிலிடும் மீனவனை அச்சட்டம் தடுப்பதில்லை. எல்லையை உரிய முறையில் அடையாளமிட்டுக் காட்டவில்லையெனில், உரிமையாளர் குற்றஞ்சாட்டவும் இயலாது. உழைத்தவனுக்குக் காப்பு, அறியாதவனுக்கு அடைக்கலம்: இரண்டும் சேர்ந்ததையே நாம் நீதி என்கிறோம். வேலி கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் பிறர் உழைப்பை மதிக்க நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.