டுவிஸ்ட்: முறுக்கில் மறைந்த இரண்டு

பதுளைத் தோட்டத் தொழிற்சாலைகளில் வாட்டிய கொழுந்தை ரோலரில் இடுவர். இலை முறுகிச் சுருளும். கலங்கள் உடைந்து சாறு வெளிவரும். தேயிலை நிறமும் மணமும் பெறுவது அதன் பின்னரே. இம்முறுக்கே ஆங்கிலத்தில் ‘டுவிஸ்ட்’.

இச்சொல் இரண்டைக் குறிக்கும் ‘டூ’ என்பதன் உறவு. இரு புரிகளைச் சேர்த்து முறுக்கினால் கயிறு. பழைய ஆங்கிலத்தில் பாய்மரத்தைத் தாங்கும் கயிற்றின் பெயரில் இச்சொல் உண்டு. டுவைன் (முறுக்கு நூல்), டுவின் (இரட்டையர்), டுவெல்வ் (12), டுவென்டி (20) ஆகியனவும் இக்குடும்பமே.

பிற பொருள்கள்: கால் சுளுக்குதல், கதையின் எதிர்பாராத திருப்பம், ஒருவரின் சொல்லைத் திரித்தல்.

கவனிக்க: இரண்டு என்ற பொருளில் ‘டூ’ எழுதும்போது ‘டபிள்யூ’ எழுத்தை விட்டுப் பலர் புள்ளி இழக்கின்றனர். டுவிஸ்டில் ஒலிக்கும் அவ்வெழுத்தே அங்கு ஒலியின்றி நிற்கிறது.